மௌன தியானமும் மாடியேறிய பசுவும்

அறுபதுகளின் நடுவில், பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கால்வாய்க்கு நாலு வீடு தள்ளி, ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நான் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தவுடனேயே சிரித்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லி, வெளியூர் டிரங்க் கால்களை இணைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஃபேரர் பார்க் பக்கத்தில் இரண்டே அறைக்குள் பதினோரு பேர். பேச்சே இல்லாத ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் கார்மேல் மூன்றாம் சபையில் சேரப் போனேன். பக்தியால் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்ற ஆசையும் சேர்ந்தே இருந்தது.

மூன்றாம் சபை என்றால் கன்னியாஸ்திரிகள் இல்லை. வேலை, வீடு, குடும்பம் என்று இருந்துகொண்டே, கார்மேல் துறவிகளின் ஒழுங்கை முடிந்தவரை கடைப்பிடிக்கும் சாதாரண ஆட்கள். கழுத்தில் உத்தரியம் என்கிற பழுப்புத் துணிப்பட்டை, தினமும் வேளைக்கு வேளை ஜெபம், மாதம் ஒரு கூட்டம், வருடம் ஒரு நாள் முழு மௌன தியானம். ஒரு வருடப் பயிற்சி முடித்தால் வார்த்தைப்பாடு கொடுத்து முழு உறுப்பினர் ஆகலாம். நான் இரண்டாவது வருடமாகப் பயிற்சியில் இருந்தேன். முந்தைய வருடத் தியானத்தின்போது ஜன்னல் வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் போனது. அதைப் பற்றி மூன்று தடவை வாய்விட்டுப் பேசிவிட்டேன். "இன்னொரு வருஷம் பயிற்சியில இரும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னது எங்கள் தலைவியம்மா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாலும் பள்ளிக்கூட மணியை விடவில்லை. கையில் எப்போதும் ஒரு சின்னப் பித்தளை மணி. அவர் அடித்தால் உட்காருவோம், அடித்தால் எழுந்திருப்போம், அடித்தால்தான் பேசுவோம்.

அந்த வருடம் அவர் வேறு ஒரு கோபத்திலும் இருந்தார். கோவிலில் எல்லாம் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதுவரை லத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை நமக்கு முதுகு காட்டி நின்ற சாமியார் நம் பக்கம் திரும்பி நின்றார். புதிதாக வந்த இளம் சாமியார் ஒருவர், சபையின் தினசரி ஜெபங்களையும் தமிழில் தட்டச்சு செய்து, மை உருளையில் ஓட்டி, ஒரு கட்டுக் காகிதமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சாமி, லத்தீன்ல சொன்னாத்தான் ஜெபம் மாதிரி இருக்கு. தமிழ்ல சொன்னா வீட்ல பேசற மாதிரி இருக்கு" என்றார் தலைவியம்மா.

"அதாம்மா வேணும்" என்றார் சாமியார்.

தலைவியம்மா காகிதக் கட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். சாமியார் தெருமுனை தாண்டியதும், அலமாரிக்கு மேலே இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அதன் அடியில் விரித்துவிட்டார். எங்கள் பழுப்பு அங்கிகள் இருக்கும் பெட்டி அது. பெரிய திருநாளுக்குப் போடுவோம். இறந்தால் அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்வார்கள். லத்தீன் ஜெபப் புத்தகங்கள் மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், கைக்கு எட்டும் கீழ்த்தட்டில், ராஜமரியாதையோடு இருந்தன.

அன்று மழையினால் பாதிப் பேர் வரவில்லை. கூடத்தில் ஐந்து பேர்தான். தலைவியம்மா, நான், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்த ஒரு பெரிய உடம்புக்காரர், காத்தோங்கிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர். குமாஸ்தாவை இங்கே கிராணி என்றுதான் சொல்வோம். இந்தக் கிராணிக்குத் தியானத்தில் பிடிக்காத ஒரே விஷயம், மத்தியானம் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் என்பது. அந்த அக்கா தங்கைக்கோ மௌனம் பழகிப்போன விஷயம். ஒரு தையல் மெஷின் யாருக்கு என்ற சண்டையில் ஒன்பது வருடமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு. பேச்சு மட்டும் கிடையாது.

ஆறாவது ஆள் பின்னறையில் படுத்திருந்தார். வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குசினியில் முப்பது வருடம் சமைத்தவர். சபையை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது; குடும்பம் என்று யாரும் இல்லை. வீட்டை வாடகைக்கு எடுத்ததே முக்கால்வாசி அவருக்காகத்தான். முறை போட்டு அவரைப் பார்த்துக்கொண்டோம். குசினி ஐயா என்று கூப்பிடுவோம். கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்த அறையில், தாழ்வான கான்வாஸ் கட்டிலில் படுத்தபடி, அவரும் அன்று எங்களோடு தியானத்தில் இருந்தார்.

மூன்று மணிக்குத் தலைவியம்மா மணியடித்தார். ஐந்து மணி வரை கண்மூடித் தியானம். மழைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் சொக்கியது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். காலில் ஏதோ இடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், கிராணியின் செருப்பு.

வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு எப்படி உள்ளே வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஜோடியும் மிதந்து வந்தது. தரை தெரியவில்லை. கணுக்கால் உயரத்துக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர். கால்வாய் நிறைந்து, கடலும் பெருக்கில் இருந்தால் எங்கள் சந்தில் தண்ணீர் ஏறுவது வழக்கம்தான். ஆனால் வீட்டுக்குள் வந்ததில்லை.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். உடனே கல்யாண ஊர்வலம் ஞாபகத்துக்கு வந்தது. தியானம் முடிந்ததும் என் வார்த்தைப்பாட்டைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். இன்னும் ஒரு வருடமா? வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த தலைவியம்மாவின் கையை மெதுவாகத் தொட்டுக் கீழே காட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலே பின்பக்கம் கை காட்டினார். கழிவறைக்குப் போவதென்றால் போ என்று அர்த்தம். கிராணியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, பசி என்று நினைத்தாரோ என்னவோ, பரிதாபமாகக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து 'தண்ணிர்' என்று அவசரமாக எழுதித் தலைவியம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். ஜாக்கெட்டில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். குறிலை நெடிலாக்கி 'தண்ணீர்' என்று திருத்தி, கீழே ஒரு கோடு போட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்படியொரு நிம்மதி! தலைவிக்குத் தெரிந்துவிட்டது; இனி அவர் பாடு. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு நானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன். பின்னறையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் கால் மணி நேரம் போயிருக்கும். 'டிங்' என்று ஒரு மணிச்சத்தம்.

"தேயோ கிராசியாஸ்!" என்று லத்தீனில் கடவுளுக்கு நன்றியைப் பலமாகச் சொல்லிக்கொண்டு, நெற்றியில் சிலுவை வரைந்தபடி, கண்ணைத் திறக்காமலே கிராணி எழுந்து நின்றார். அக்காவும் எழுந்தார். தங்கையும் எழுந்தார். தலைவியம்மா மட்டும் தன் மடியில் சும்மா கிடந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் 'டிங்'. வாசலைப் பார்த்தோம்.

கதவை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பசுவின் தலை உள்ளே வந்திருந்தது. கழுத்தில் மணி. எதிர்ச்சந்தில் தொழுவம் வைத்திருந்த பால்காரர், தண்ணீர் ஏறியதும் மாடுகளை அவிழ்த்து விட்டிருக்கிறார். அது எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு வீடே அதிர "ம்மா" என்றது.

நான் அலறிவிட்டேன். இத்தனை நேரம் அடக்கி வைத்த வாய், என்ன வருகிறது என்று பார்க்காமல் திறந்துகொண்டது.

"நம்பர் ப்ளீஸ்!"

யாரும் சிரிக்கவில்லை. தலைவியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலுதான் ஆகுது. மௌனம் இன்னும் கலையல" என்று மௌனத்தைக் கலைத்துக்கொண்டே சொன்னார். கிராணி பதில் சொல்வதற்குள், பின்பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அம்மா..."

முழங்கால் தண்ணீரில் ஓடினேன். பின்னறைக்கு இறங்கும் படியே தெரியவில்லை. கட்டிலின் கான்வாஸ் தொய்ந்து தண்ணீருக்குள் இருந்தது. குசினி ஐயாவின் முதுகு முழுக்கத் தண்ணீரில். வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, தலையை மட்டும் மேலே தூக்கிவைத்திருந்தார். மணிக்கட்டில் ஜெபமாலை. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மௌனம் முடிஞ்சிருச்சா?"

அவர் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். "எப்பலேர்ந்து ஐயா தண்ணி? ஏன் எங்களைக் கூப்பிடல?"

"கூப்பிட்டேனே. நீங்கள்லாம் மௌனத்துல இருக்கீங்களே, கெடுத்துரக் கூடாதேன்னு மெதுவாக் கூப்பிட்டேன்."

எனக்குப் பின்னால் வந்து நின்ற நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுதும் நாங்கள் கடைப்பிடித்ததில் உண்மையான மௌனம் அந்த ஒரு நிமிஷம்தான்.

மேல்மாடிக்குப் போனால்தான் தப்பிக்கலாம். மாடிப்படியோ வீட்டுக்குள் இல்லை. வெளியே அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், தனிக்கதவு. கட்டிலோடு அவரைத் தூக்கினோம். தலைமாட்டில் கிராணியும் நானும், கால்மாட்டில் அக்காவும் தங்கையும்.

"இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

"இடது பக்கம் திரும்புங்க" என்றேன் தங்கையிடம்.

"இடது பக்கம் மேசை இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் தங்கை.

"மேசை இருக்காம்" என்றேன் அக்காவிடம். கழுத்தளவு ஆபத்திலும் நான் எக்ஸ்சேஞ்ச் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் தாண்டியதும் தண்ணீர் இழுப்பாக இருந்தது. அக்காவுக்குக் கால் சறுக்கியது. அவ்வளவுதான், தங்கை என்னை நம்பி நிற்கவில்லை. "அக்கா! என் கையைப் பிடிடி!" என்று கத்திக்கொண்டு ஒரு கையால் கட்டிலையும் மறுகையால் அக்காவின் சடையையும் பிடித்துவிட்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. அக்காவின் பதில், "சடையை விடுடி, வலிக்குது."

படிக்கட்டில் புதிய சிக்கல். பசு எங்களுக்கு முன்னால் ஏறி, பாதியில் நின்றுகொண்டிருந்தது. படியோ ஓராள் அகலம். மேலே கைலியை மடித்துக் கட்டிய பாய் ஒருவர் விளக்கோடு நின்றார். நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர், மசாலா வியாபாரம், தம்பியோடு மாடியில் குடியிருந்தார்.

"யாருங்க அது, மாட்டை மேல ஏத்தறது?"

"நாங்க ஏத்தல பாய், அதுவா வருது!" என்றார் கிராணி, மூச்சிரைக்க.

"அப்ப இறக்குங்க லா!"

மாடு ஏறும், இறங்காது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தள்ளினோம், தட்டினோம், கிராணி கும்பிட்டுக்கூடப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் தலைவியம்மா முன்னால் வந்தார். மாட்டின் பின்னால் நின்றுகொண்டு, வகுப்பு முடிந்த மாதிரி, பித்தளை மணியை ஓங்கி மூன்று தடவை அடித்தார். பசு உடனே மேலே ஏறிப் போய்விட்டது. எங்களைப் போலவே அதற்கும் அவரிடம் பயம்.

கிராணி குசினி ஐயாவை முதுகில் சுமந்து ஏறினார். நான் பின்னால் போகும்போது தலைவியம்மா என் தோளைப் பிடித்தார். "பெட்டி!"

"உசிரே போகுது, அடக்க உடுப்பு எதுக்கும்மா இப்ப?" என்று மேலிருந்து கிராணி கத்தினார்.

"உசிரு போனாத்தானய்யா அது வேணும்!"

திரும்பிப் போய், அலமாரி மேலிருந்த தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக் கதவுக்குள் லத்தீன் புத்தகங்கள் ஊறிப்போய்ப் புட்டுமாவு போல இருந்தன.

பாய் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. "வாங்கம்மா, கூச்சப்படாதீங்க. உங்க வீடு மாதிரி" என்று உள்ளறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தம்பியோடு மாடி நடையில் மாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். குசினி ஐயாவின் உடம்பைத் துடைத்து, பாயின் கம்பளியைப் போர்த்தினோம். எங்கள் சேலையெல்லாம் சேறு. காய்ந்த துணி என்று இருந்தது பெட்டியில் இருந்த அங்கிகள்தான். வேறு வழியில்லாமல், அந்துருண்டை வாசத்தோடு எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டோம். கிராணிக்கு வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை.

தேநீர் கொண்டுவந்த பாய், மங்கல் வெளிச்சத்தில் கழுத்திலிருந்து கால்வரை பழுப்பாக நின்ற எங்களைப் பார்த்து, "யா அல்லாஹ்!" என்று ஒரு எட்டு பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதீங்க பாய். அடக்கத்துக்குன்னு வச்சிருந்த உடுப்பு" என்று கிராணி விளக்கினார்.

பாய் யோசித்தார். "அதுக்கு இன்னும் நேரம் இருக்கே. அவசரப்படாதீங்க. முதல்ல டீயைக் குடிங்க."

அடுத்து ஆட்டுக்கறியும் சோறும் வந்தன. தியான நாளில் கறி கூடாது. எல்லாரும் தலைவியம்மாவின் முகத்தைப் பார்த்தோம். கிராணியின் பார்வையில் இருந்த உருக்கத்தை நான் எந்தப் பூசையிலும் கண்டதில்லை. தலைவியம்மா சட்டியையும் பார்த்தார், பாயையும் பார்த்தார். "ஒருத்தர் தன் வாய்க்கு வச்சிருந்ததை நமக்குக் கொடுக்கறார். வேண்டாம்னு சொன்னா அதுதான் பாவம்" என்று சொல்லிவிட்டு, முதல் தட்டைத் தானே வாங்கிக்கொண்டார். குசினி ஐயாவுக்கு நான் ஊட்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஐந்து மணிக்குத் தலைவியம்மா மணியடித்தார். மௌனம் அதிகாரபூர்வமாக முடிந்ததாம். யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

மாலை ஜெபத்துக்குப் புத்தகம் இல்லை. பெட்டியின் அடியில் விரித்திருந்த தமிழ்க் காகிதங்கள் மட்டும் மொரமொரவென்று காய்ந்து இருந்தன. தலைவியம்மா அவற்றை எடுத்து உதறினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீ படி. உனக்குத்தான் குரல் இருக்கு" என்றார்.

மேலாக வந்த தாளைப் படித்தேன். தினமும் நடுப்பகலில் நாங்கள் லத்தீனில் சொல்லும் சங்கீதம்தான் அது. கடவுள் மட்டும் நம் பக்கம் இல்லாமல் போயிருந்தால், வெள்ளம் நம்மை விழுங்கியிருக்கும், தண்ணீர் நம் தலைக்குமேல் போயிருக்கும் என்று அதில் இருந்தது. கீழே தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குசினி ஐயா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இது நாம தெனமும் மத்தியானம் சொல்றதா?"

"ஆமா ஐயா."

"இதையா இத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தோம்? இன்னிக்கு மத்தியானம்கூடச் சொன்னோமே! நான் ஏதோ மாதாவைப் பாராட்டறோம்னுல்ல நெனச்சேன்!"

"நல்லாருக்கும்மா. இன்னொரு தடவை படிங்க" என்று வெளியிலிருந்து பாயின் குரல் வந்தது.

படித்தேன். தலைவியம்மா அங்கியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமிகிட்ட யாரும் போய்ச் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். தண்ணீரை முதலில் பார்த்தது நான். வார்த்தைப்பாடு போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் குசினி ஐயா என்ன ஆகியிருப்பார் என்று நினைக்கவே முடியவில்லை. எனக்கு வார்த்தைப்பாடு வேண்டாம்.

தலைவியம்மா, "நீ முதல்ல பார்க்கல. உன் காகிதம் வர்றதுக்கு முன்னாடியே என் கால் நனைஞ்சிருச்சு. அஞ்சு மணி வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டேன்" என்றார்.

கிராணி தொண்டையைச் செருமினார். "என் செருப்பு போனதை நானும் பாத்தேன். தலைவியம்மா சும்மா இருக்காங்களே, நமக்கென்னன்னு..."

அக்கா, "இவ முதல்ல பேசட்டும்னு நான் இருந்தேன்" என்றார். தங்கை, "இவ பேசினா நான் ஏன் பேசணும்னு நான் இருந்தேன்" என்றார்.

ஆக, அஞ்சு பேரும் நனைந்த காலோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்தியாக உட்கார்ந்திருக்கிறோம். குசினி ஐயா உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. அப்போது எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

நல்லவேளை, இருட்டுவதற்குள் சந்துக்குள் போலீஸ் படகு வந்தது. ஜன்னலில் பழுப்பு அங்கிகளைப் பார்த்த மலாய்க்காரப் போலீஸ்காரர் விறைப்பாக சல்யூட் அடித்து, "சிஸ்டர்ஸ், எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிராணி மீசையோடு எட்டிப் பார்த்து, "ஃபைவ்!" என்றார். போலீஸ்காரர் அந்த மீசையை வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்களை இன்னொரு தடவை எண்ணினார். குசினி ஐயாவைக் காட்டியதும், நோயாளியையும் ஓர் ஆளையும்தான் ஏற்ற முடியும் என்றார். நான் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி போகும்வரை வழியில் கூடியிருந்த ஜனங்கள் என்னைக் கன்னியாஸ்திரி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் எனக்கு அறை மாதிரி விழுந்தது.

குசினி ஐயாவுக்கு நுரையீரலில் சளி கட்டிப் பத்து நாள் காய்ச்சல். தினமும் வேலை முடிந்து போய் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அன்று ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "ஆஸ்பத்திரிக் கஞ்சியில உப்பே இல்ல. அதைப் போய்க் கேளு முதல்ல" என்றார். கேட்டேன். நர்ஸ் என்னைத் திட்டினார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஐயா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். இந்தத் தடவை கூடத்தில், உயரமான மரக்கட்டிலில்.

பசு மறுநாள் மத்தியானம் வரை மாடியில்தான் இருந்தது. பால்காரர் பலகைகளை அடுக்கிச் சரிவு போட்டு, தெருவே வேடிக்கை பார்க்க, அதன் கண்ணைத் துணியால் கட்டி இறக்கினார். அதற்கப்புறம் ஒரு மாதம் பாய் வீட்டுக்கு அவர் காசு வாங்காமல் பால் ஊற்றியதாகக் கேள்வி.

புத்தாண்டு பிறந்து நடந்த கூட்டத்தில் என் பெயரை எடுத்தார்கள். எனக்குத் தகுதியில்லை என்று எழுந்து சொன்னேன். தலைவியம்மா, "தகுதி பார்த்து எடுத்தா இந்தச் சபையில நாற்காலிங்கதான் மிஞ்சும். உட்காரு" என்றார். நான் வார்த்தைப்பாடு கொடுத்தது தமிழில். எங்கள் சபையில் அது முதல் தடவை. அக்காவும் தங்கையும் எனக்காகச் சேர்ந்து ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார்கள். கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அளவு விஷயத்தில் சண்டை போட்டிருப்பார்கள் போல.

அந்த வீடு இப்போது இல்லை. கால்வாயை அகலப்படுத்திவிட்டார்கள், அந்தச் சந்தே காணாமல் போய்விட்டது. குசினி ஐயா அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்து, உப்பில் குறை சொல்லிக்கொண்டே நிம்மதியாகப் போனார். ஜெபம், தியானம் எல்லாம் நான் இன்றைக்கும் விடவில்லை. ஆனால் பஸ்ஸிலோ கோவிலிலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ ஒருவர் ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அது பொறுமை என்றோ பக்தி என்றோ நானாக முடிவு கட்டிவிட்டு நகர்வதில்லை. பக்கத்தில் போய், "என்ன, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் முறைக்கிறார்கள்; மீதிப் பேர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் கொடுத்துப் பேச ஆரம்பிக்கிறார்கள்.